படைத்தோன் பண்பு: கடவுள் உண்மை பற்றிய வாதங்களில் துன்பத்தின் இடம்

கடவுள் உண்டா, இல்லையா என்னும் வினா தத்துவ உலகில் மிகப் பழமையானது. ஆயினும் அவ்வொரு வினாவுக்குள் இரண்டு வினாக்கள் பொதிந்துள்ளன என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. உலகுக்கு முதற்காரணமாகிய ஒரு பொருள் உண்டா என்பது ஒன்று. அப்பொருள் வழிபடத்தக்க பண்புடையதா என்பது மற்றொன்று. முன்னதை உண்மை பற்றிய வினா என்றும் பின்னதைப் பண்பு பற்றிய வினா என்றும் கொள்ளலாம். ஒன்றற்கு உரிய விடையை மற்றொன்றற்கு உரியதாகக் கொள்ளும்போது வாதம் நீள்கிறதே தவிர முன்னேறுவதில்லை. தமிழ்த் தத்துவ மரபு, சிறப்பாகச் சைவ சித்தாந்தம், இவ்விரண்டையும் எவ்வாறு இணைத்தது, அவ்விணைப்புக்கு அது கொடுத்த விலை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு அண்மை நிகழ்ச்சியொன்று வாயிலாக அமைகிறது. 2025 டிசம்பர் 20ஆம் நாள் புதுதில்லி கான்ஸ்டிடியூஷன் கிளப் அரங்கில் 'கடவுள் இருக்கிறாரா?' என்னும் பொருளில் ஒரு பொதுவிவாதம் நடைபெற்றது. கவிஞரும் திரைக்கதையாசிரியருமான ஜாவேத் அக்தர் கடவுள் இல்லை என்னும் பக்கத்தினின்றும், இளம் இசுலாமிய அறிஞர் முஃப்தி ஷமாயில் நத்வி உண்டு என்னும் பக்கத்தினின்றும் பேசினர். இதழாளர் சௌரப் துவிவேதி நெறிப்படுத்தினார். இணையவழி அதனைக் கண்டோர் மிகப் பலர். தலைநகரில் ஒரு தத்துவ வினாவுக்காக மக்கள் இவ்வளவு நேரம் செவிகொடுத்தது மகிழ்ச்சிக்குரியது என்பதை முதற்கண் சொல்லியாக வேண்டும்.

நத்வி முன்வைத்தது தத்துவ வரலாற்றில் நன்கறியப்பட்ட வாதம். உலகப் பொருள்கள் யாவும் இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும். அத்தகைய பொருள் தன் இருப்புக்குப் பிறிதொன்றைச் சார்ந்து நிற்கும். சார்பு முடிவின்றிப் பின்னோக்கிச் செல்லவியலாது. ஆதலின் பிறிதொன்றைச் சாராது தானே நிற்கும் ஒரு பொருள் வேண்டும் என்பது அதன் சுருக்கம். இவ்வாதத்தைச் செப்பமுற வகுத்தவர் இபின் சீனா (980-1037). பின்னர் ஐரோப்பாவில் அக்குவினாசும் லைபினிட்சும் இதனைத் தத்தம் வழியில் எடுத்தாண்டனர். அக்தரோ காசாவில் மாண்ட குழந்தைகளைச் சுட்டினார். எல்லாம் வல்லவனும் எங்கும் உள்ளவனும் அருளுடையவனும் ஆகிய ஒருவன் இதனைப் பார்த்துக்கொண்டிருந்தானா என்பது அவர் வினா. மனிதர் தமக்களிக்கப்பட்ட விருப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதால் விளைவதே தீமை என்பது நத்வியின் விடை.

யார் வென்றார் என்னும் ஆராய்ச்சி பின்னர் எங்கும் நிகழ்ந்தது. அது நமக்கு வேண்டுவதன்று. இருவர் வாதங்களும் ஒன்றையொன்று தொடவேயில்லை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. சார்பின்றி நிற்கும் முதற்பொருள் ஒன்று உண்டு என்பதை முற்றும் ஒப்புக்கொண்டாலும் அது அருளுடையது என்பது பெறப்படாது. குழந்தைகளின் துன்பத்தை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் முதற்பொருளே இல்லை என்பதும் பெறப்படாது. அருளும் ஆற்றலும் ஒருங்குடைய ஒருவன் உளன் என்னும் கொள்கைக்கே அது இடர் விளைக்கும். ஒருவர் உண்மையை நிறுவினார். மற்றவர் பண்பை மறுத்தார். தருக்க முறைப்படி இருவர் கூற்றும் ஒருசேர மெய்யாக இருத்தலும் கூடும்.

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒருங்கே ஒலிக்கக் கேட்கிறார். கூடியோர் பூவணிந்து நிற்க, பிரிந்தோர் கண்ணீர் உகுக்கின்றனர். இவ்வாறு அமைத்த ஒருவன் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அவன் பண்பில்லாதவன் என்கிறார். கடவுள் மறுப்பு என்று இதனைக் கொள்வோரும், நிலையாமை கூறும் பெருங்காஞ்சித் துறைப் பாடல்தானே என்று கடந்து செல்வோரும் உளர். இரண்டும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. உண்மையை ஏற்றுப் பண்பை மறுக்கும் மூன்றாவது நிலை ஒன்று உண்டு. அதற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்று இப்பாடல் எனலாம். தில்லி அரங்கில் அக்தர் நிறுத்திய வாதத்தின் சரியான வடிவம் நன்கணியாரிடமே உள்ளது.

அளவையும் அதன் எல்லையும்

கடவுள் உண்டா என்று கேட்பதற்கு முன், எதனைக்கொண்டு அறிவது என்று கேட்பது இந்தியத் தத்துவத்தின் பொது வழக்கு. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி மாநகரில் மாதவன் வடிவுகொண்டு சமயக் கணக்கரை வினவும் மணிமேகலை முதலில் சந்திப்பவன் அளவைவாதி. வேதவியாதன் அளவை பத்து என்றும், கிருதகோடி எட்டு என்றும், சைமினி ஆறு என்றும் கொண்டனர் என அவன் எடுத்துரைக்கிறான். சைவவாதியும் பிரமவாதியும் வைணவவாதியும் அதன் பின்னரே வருகின்றனர். சாத்தனார் இவ்வரிசையைக் கருதியே அமைத்தார் என்பது தெளிவு. காட்சி ஒன்றே அளவை என்னும் பூதவாதி இறுதியில் வருகிறான். தந்தை தாயரை நீ கருதலளவையால் அன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை நகைத்துக் கேட்கும் இடம் தத்துவ மாணவர் மறக்கவொண்ணாதது. பௌத்தப் பெண்ணாகிய அவளுக்குப் படைப்புக் கடவுளில் உடன்பாடில்லை. ஆயினும் காணாததை ஏற்கேன் என்பவனை அவள் விட்டுவைக்கவில்லை. தில்லி அரங்கிலும் அறிவியல் கருவிகள் புலனாகும் பொருளளவில் நிற்பவை என்னும் கருத்து எழுந்தது. அது இப்பழைய வாதத்தின் கிளையே.

கருதலளவையால் கடவுளை நிறுவியோருள் தலைசிறந்தவர் மிதிலை நாட்டு உதயணர். 10ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்த அவர் நியாய குசுமாஞ்சலி என்னும் நூலை இப்பொருளுக்கென்றே இயற்றினார். குடம் காரியம், அதற்குக் குயவன் உண்டு, உலகும் காரியம், ஆதலின் அதற்கும் ஒரு கருத்தா உண்டு என்பது அவர்தம் வாதங்களுள் முதலாவது. இதனை மறுத்தோர் நாத்திகர் மட்டும் அல்லர். வேதத்தை முற்றும் ஏற்ற குமாரிலர், உடலில்லாதவன் எங்ஙனம் தொழில் செய்வான் என்று உதயணருக்கு முன்பே கேட்டுவிட்டார். இன்னும் வியப்புக்குரியது இராமானுசர் நிலை. திருப்பெரும்புதூரில் தோன்றி, நாராயணனே பரம்பொருள் என வாழ்நாள் முழுதும் கற்பித்த அவர், பிரம்மசூத்திரத்தின் மூன்றாம் சூத்திர உரையில் கருதலளவை கடவுளை நிறுவாது என்று விரிவாக மறுக்கிறார். நாம் கண்ட குயவர் யாவரும் உடலும் குறைந்த ஆற்றலும் உடையோர். உவமையை உண்மையாகவே பின்பற்றினால் உலகின் கருத்தாவுக்கும் அவை உளவாக வேண்டும். உலகு முழுதும் ஒரே காலத்தில் ஒருவனால் ஆக்கப்பட்டது என்பதற்கும் சான்றில்லை. பல காலங்களில் பலர் ஆக்கியிருக்கலாமே என்பது அவர் வினா. 1779இல் வெளிவந்த டேவிட் இயூமின் உரையாடல் நூலில் இதே வினா எழுப்பப்படுகிறது. இயூமைக் கொண்டாடும் நம் மெய்யியல் பாடத்திட்டங்கள் இராமானுசரின் இப்பகுதியை ஏன் பயிற்றுவிப்பதில்லை என்பது விளங்கவில்லை. இயூம் ஐயத்துக்காகக் கேட்டார். இராமானுசர் மறை ஒன்றே கடவுளை அறிவிக்கும் என்பதை நிலைநாட்டக் கேட்டார். பத்திமான் ஒருவர் கடவுளுக்குத் தருக்கச் சான்று வேண்டா என்று விலக்கிய இந்நிலை, கடவுளைக் காக்க வாதம் ஒன்றே வழி என்று கருதுவோர் எண்ணிப்பார்க்கத் தக்கது.

மெய்கண்டார் கண்ட வழி

சைவ சித்தாந்தம் இராமானுசர் வழியில் செல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 நூற்பாக்களும் 40 அடிகளுமே கொண்ட சிறுநூல். அதன் முதல் நூற்பாவே கடவுளுண்மையைக் கருதலளவையால் நிறுவுகிறது. ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டப்படும் உலகு தோன்றி நின்று ஒடுங்குவது. ஆதலின் அது ஒருவனால் தோற்றுவிக்கப்பட்டது. ஒடுக்கியவனிடமிருந்தே அது மீளத் தோன்றும். எனவே ஒடுக்கத்துக்குக் காரணமானவனே முதல்வன் என்பது அதன் போக்கு. மேலோட்டமாகக் காண்போர்க்கு இது உதயணர் வாதமாகவே தோன்றும். எனினும் ஒரு சொல் அதனை வேறாக்குகிறது. ஒடுங்கிய உலகு எதன்பொருட்டு மீளத் தோன்ற வேண்டும்? மலத்தின்பொருட்டு என்கிறார் ஆசிரியர். இரண்டாம் நூற்பா இதனைத் தொடர்ந்து, உயிர்கள் இருவினைக்கு ஈடாக இறைவன் ஆணையால் பிறந்தும் இறந்தும் வருவதைக் கூறுகிறது.

இவ்விடம் சற்று நின்று நோக்கத்தக்கது. இபின் சீனாவின் வாதத்தில் துன்பத்துக்கு இடமே இல்லை. கல் ஒன்று இருப்பதும் குழந்தை ஒன்று அழுவதும் அவ்வாதத்துக்கு ஒன்றே. இரண்டும் சார்ந்து நிற்கும் பொருள்கள், அவ்வளவே. துன்பம் பின்னர் வந்து மோதும்போது அதற்கு வெளியிலிருந்து ஒரு விடை கொணர வேண்டியுள்ளது. மெய்கண்டாரிடம் அவ்வாறன்று. உலகு ஏன் உள்ளது என்பதற்கான காரணத்திலேயே உயிர்களின் மலமும் வினையும் இடம்பெற்றுவிடுகின்றன. உலகு உயிர்களின் பொருட்டு நிகழும் ஒரு மருத்துவம். மேலும் பதி, பசு, பாசம் மூன்றும் தோற்றமில்லாதன என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. உயிரை இறைவன் படைக்கவில்லை. அதனைப் பற்றிய ஆணவ இருளையும் அவன் படைக்கவில்லை. தீமையை ஏன் படைத்தான் என்னும் வினா சித்தாந்தியிடம் எழவே எழாது. ஒன்றுமில்லாமையினின்று யாவற்றையும் ஆக்கியவன் என்று கொள்ளும் சமயங்களுக்கு இவ்வசதி இல்லை. கடவுளின் ஆற்றலுக்கு ஓர் எல்லை வகுத்து அவன் அருளைக் காத்த முறை இது என்பர் சிலர். சித்தாந்திகள் இதனை எல்லை என ஒப்பார். ஆயினும் உண்மையும் பண்பும் ஒரே வாதத்தில் இவ்வளவு இறுகப் பிணைக்கப்பட்டிருப்பது தமிழ் மரபின் தனித்தன்மை என்பதில் ஐயமில்லை.

வினையின் பயனைத் தர ஒருவன் வேண்டுமா என்பதில் தமிழகத்திலேயே மறுப்பு எழுந்தது. வினை அறிவற்றது, அது தன்னைச் செய்தவனைத் தேடிச் சென்று பயன்தர அறியாது, ஆதலின் அறிவுடைய ஒருவன் அதனைக் கூட்டுவிக்க வேண்டும் என்பது சித்தாந்தம். சமணம் இதனை ஏலாது. உண்ட மருந்து உடலில் வேலை செய்ய மருத்துவன் உடன் இருக்க வேண்டுவதில்லை என்பது போன்றது அதன் நிலை. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த நீலகேசி, வினையையும் மறுபிறப்பையும் உறுதியாகக் கொண்டு, பூதவாதியை மறுத்து, படைப்புக் கடவுளை ஏற்காத ஒரு நெறியின் நூல். 'கடவுளை ஏற்காதோர்' என்றாலே உலகாயதர் என்று எண்ணும் இன்றைய வழக்கு இதனால் தவறாகிறது. தமிழில் கடவுள் மறுப்பின் பெரும்பகுதி துறவியரால் செய்யப்பட்டது.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் 14 கொள்கைகளை எடுத்து மறுக்கிறார். முதலில் நிற்பவன் உலகாயதன். இன்ப துன்பங்கள் உடம்புக்கு இயல்பு, அவற்றுக்கு வினை என ஒரு காரணம் வேண்டா என்னும் அவன் கூற்றை அவர் மறைக்காமல் முதலில் நிறுத்தி, பின்னரே மறுக்கிறார். எதிரியின் வாதத்தை எதிரியே ஒப்புமளவு எடுத்துச் சொல்லும் இம்முறை இரண்டு மணிநேர அரங்குகளில் இயல்வதன்று.

வளாரும் பிள்ளையும்

சுபக்கத்தில் அருணந்தியார் பண்பு பற்றிய வினாவை நேரே எதிர்கொள்கிறார். தண்டிப்பவன் அருளுடையவன் ஆவது எங்ஙனம்? சொல் கேளாப் பிள்ளையைப் பெற்றோர் வளாரால் அடிப்பதும் கட்டிவைப்பதும் பரிவினாலேயே என்பது அவர் தரும் விடை. உவமை எளிது, ஆயின் அதன் சுமை பெரிது. அடிபடும் பிள்ளைக்குத் தான் செய்த பிழை தெரியும். தெரியாவிடில் அடித்தவர் சொல்லுவர். முற்பிறப்பின் வினையை நுகரும் உயிருக்கோ அது நினைவில்லை, சொல்லுவாரும் இல்லை. திருத்துதலின் பொருட்டு என்றால் திருந்துவதற்கு உரிய அறிவு உடன் வழங்கப்பட வேண்டாவா?

இவ்வினாவை 1930இல் கேட்டவர் பகத்சிங். 1929 ஏப்ரல் 8ஆம் நாள் தில்லி மத்திய சட்டமன்றத்தில் குண்டு வீசிச் சிறைப்பட்டவர் அவர். சம்விதான் சதன் என இன்று வழங்கும் அக்கட்டடம் கான்ஸ்டிடியூஷன் கிளப்பிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. தூக்குத் தண்டனையை எதிர்நோக்கி இலாகூர் நடுவண் சிறையில் இருந்தபோது, தாம் நாத்திகரானது ஏன் என்பதை விளக்கி அவர் எழுதிய கட்டுரை, மறைவுக்குப் பின் 1931 செப்டம்பரில் வெளிவந்தது. ப. ஜீவானந்தம் தமிழாக்க, 1930களின் நடுவில் பெரியார் இயக்கத்தாரால் அது நூலாக வெளியிடப்பட்டது. அதன்பொருட்டுக் கைதுகளும் நிகழ்ந்தன. அக்கட்டுரையில் பகத்சிங் முதற்காரண வாதத்தில் அதிகம் நிற்கவில்லை. துன்பம் நிறைந்த உலகை எல்லாம் வல்லவன் ஏன் ஆக்கினான் என்று அனைத்துச் சமயத்தாரையும் கேட்டபின், இந்துக்களை நோக்கித் தனியே திரும்புகிறார். இன்று வருந்துவோர் முற்பிறப்பில் பாவம் செய்தோர் என்கிறீர்களே. முற்பிறப்பில் கழுதையாய் இருந்தேன் என நினைவுகூர்ந்தவர் எத்தனை பேர் என்பது அவர் வினா. வறுமையைத் தண்டனையாக்கினால் அது மேலும் குற்றங்களையன்றோ விளைக்கும் என்றும் கேட்கிறார். சித்தியார் உவமையின் மெலிந்த இடத்தை, அந்நூலைக் கண்டிராத ஓர் இளைஞர் இருபத்துமூன்றாம் அகவையில் தொட்டுவிட்டார்.

தமிழகத்தில் இவ்வெதிர்ப்பு புதியதன்று. மதுரையில் பணியாற்றிய இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி (1577-1656) மறுபிறப்புக் கொள்கையை மறுக்கவே ஒரு தமிழ் உரைநடை நூல் எழுதினார். அவர் கடவுளை ஏற்றவர். 1880களில் சென்னை நாத்திகர் நடத்திய 'தத்துவ விவேசினி' இதழும் இத்திசையில் எழுதியது. பெரியாரின் வாதம் பெரும்பாலும் தருக்கவழிப்பட்டதன்று. பிறப்பால் தாழ்த்தப்பட்டவனிடம் இது உன் பழவினை என்று கூறும் கடவுளை ஏற்பது தன்மதிப்புக்கு ஒவ்வாது என்பதே அவர் நிலையின் உயிர். இதனைத் தத்துவமன்று எனத் தள்ளுவோர் பண்பு பற்றிய வினாவே தத்துவமன்று எனத் தள்ளுவோர் ஆவர்.

சித்தாந்தியிடம் ஒரு மறுமொழி உண்டு. துன்புறுத்துபவன் தன் செயலால் ஆகாமிய வினையை ஈட்டுகிறான். துன்புறுபவன் தன் பிராரத்தத்தை நுகர்கிறான். ஒன்று மற்றொன்றை மன்னிப்பதில்லை. எனவே கொலைஞன் வெறும் கருவி எனத் தப்பவியலாது. துயர் துடைப்பதும் நல்வினையே. இம்மறுமொழி தருக்கத்தில் குறையற்றது. விருப்புரிமை வாதத்தைவிட இது ஒரு படி மேலானது என்றும் கூறலாம். விருப்புரிமை கொல்பவனை விளக்குகிறது. கொல்லப்படும் குழந்தைக்கு அது ஒரு விடையும் தருவதில்லை. வினைக்கொள்கை குழந்தைக்கும் விடை தருகிறது. ஆனால் அவ்விடை யாது? நீ இதற்கு உரியை என்பது. இடிபாட்டில் மகவை இழந்த தாயிடம் எவரும் இதனை உரைக்கத் துணியார். துணிந்தால் அவரைப் பண்புடையவர் என்று நாம் கொள்வதில்லை. உரைக்கத்தகாத ஒன்றை மெய் என்று கொள்வது எவ்வாறு என்பதே ஈண்டு எழும் இடர். மெய்ம்மை வேறு, உரைத்தற்குரிய இடம் வேறு என்று பிரிக்கலாம்; நோயாளியிடம் மருத்துவர் எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஆயின் மருத்துவர் சொல்லாது விடுவது நோயின் முடிவை. நோயாளியின் குற்றத்தை அன்று. இவ்வுவமையும் அவ்வளவில் நின்றுவிடுகிறது.

கடவுளுண்மை வாதங்களுள் இத்துணைக் கட்டுக்கோப்பானது பிறிதொன்று உண்டா என்பது ஐயமே என்று சிவஞானபோதத்தைக் குறித்துக் கூறத் தடையில்லை. துன்பத்தைத் தன்னுள்ளேயே வாங்கிக்கொண்டமையால் அது வலுப்பெற்றது. அதனாலேயே துன்புறுவோனைப் பொறுப்பாளியாக்கும் கடப்பாட்டையும் அது ஏற்றது. வினையை நீக்கினால் முதல் நூற்பாவின் 'எதன்பொருட்டு' என்னும் வினாவுக்கு விடையில்லாமற்போம். கருத்தளவில் இப்பிணைப்பைத் தளர்த்த முயன்றோர் ஆணவத்தை முன்னிறுத்தி வினையைப் பின்தள்ளுவர். இருளில் கிடந்த உயிர்க்கு உடம்பு ஒரு விளக்கு. நுகர்ச்சி யாவும் அவ்விளக்கை ஏந்திய வழிநடை என்பர். சிவஞான முனிவர் மாபாடியத்தில் ஆணவத்தை விளக்கும் பகுதிகளை இந்நோக்கில் மீளப் பயில இடமுண்டு. அங்ஙனம் பயின்றாலும் ஒரு குழந்தைக்கு வழி நீண்டும் மற்றொன்றுக்கு ஒரு நாளில் முடிந்தும் போவது ஏன் என்பதற்கு வினையையே மீண்டும் நாட நேரும்.

இந்நிலையில் திருக்குறளின் இரவச்ச அதிகாரத்து 1062ஆம் குறள் கவனத்துக்குரியதாகிறது. இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமெனில், உலகை இயற்றியவன் அலைந்து கெடட்டும் என்று சாபமிடும் குறள் அது. பரிமேலழகர் வினைக்கொள்கையில் ஊன்றியவர். பழவினை என்று ஒரு சொல்லால் இச்சாபத்தை ஆற்றிவிட அவரால் இயலும். வாழ்நாளும் உணவும் தொழிலும் பழவினைவழிக் கருவிலேயே அமைவன என்பதை அவர் நினைவூட்டவும் செய்கிறார். எனினும் அவர் அங்கு நிற்கவில்லை. இரத்தலையும் ஒரு தொழிலாகச் சில உயிர்க்கு விதித்தானாயின், அத்தீவினையால் இயற்றியவனும் அத்துன்பத்தை உறுதல் வேண்டும் என்று பொருள் விரிக்கிறார். வினை உயிர்களோடு நில்லாது, விதித்தவன் மேலும் அங்கே செல்கிறது.